தாம்பாளத்தில் எட்டு மைப் புட்டிகள்

ஒரு வேலையை அரைகுறையாகக் கற்றுக்கொண்டவனைக் கல்யாணம் பேசும் வீட்டுப் பக்கம் விடக்கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த ஆள் நான்தான்.

ஐம்பதுகளின் கடைசி. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. (அங்கே நான் செய்தது புட்டி கழுவும் வேலை. வீட்டில் 'கிருமி ஆராய்ச்சி' என்று சொல்லி வைத்திருந்தேன்.) அக்கா கமலாவுக்கு நிச்சயதார்த்தம். சிதம்பரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது பேர் முதல் நாளே வந்துவிட்டார்கள். ஜங்ஷனில் அவர்களை வரவேற்று, ஐஸ் போட்ட சர்பத் கொடுத்து, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தவன் நான். மத்தியானம் அம்மா கையால் விருந்து, பாயசத்தோடு.

பொழுது சாயும் நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். அவர் திரும்புவதற்குள் இன்னும் இரண்டு பேர் செம்போடு காத்திருந்தார்கள். விடிவதற்குள் ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு வயிறு போயிற்று. கொல்லையில் இருந்ததோ ஒரே ஒரு கக்கூஸ்.

காலையில் பெரியப்பா சுவரைப் பிடித்தபடி கூடத்துக்கு வந்தார்.

"பாயசத்துலதான் என்னமோ இருந்திருக்குங்க. மனசுக்கு ஒப்பலை. தட்டு மாத்துறதை அப்புறம் பாத்துக்கலாம்."

அம்மா அடுக்களையில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா பட்டுப்புடவையைப் பெட்டிக்குள் திரும்ப மடித்து வைத்தாள்.

என் காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். எட்டுக் காலி மைப் புட்டிகளை வெந்நீரில் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை ஒட்டி, கைக்கு அகப்பட்ட தட்டில் அடுக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

"இது என்ன தம்பி?"

"ஆளுக்கு ஒண்ணுங்க. கொஞ்சம் இருந்தாப் போதும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கிருமியைக் கண்டுபிடிச்சிருவேன்."

பெரியப்பா தட்டைப் பார்த்தார். நிச்சயத்துக்காக விளக்கி வைத்திருந்த தாம்பாளம் அது.

"எங்க ஊர்ல இதுல வெத்தலை பாக்குதான் வைப்போம்" என்றார்.

புட்டியை யாரும் தொடவில்லை. நான் விடுவேனா? நோட்டைத் திறந்து, யார் என்ன சாப்பிட்டார்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுதினேன். பாயசம், எல்லோரும். ஆனால் எங்கள் வீட்டிலும் எல்லோரும் அதையே சாப்பிட்டிருந்தோம், எங்களுக்கு ஒன்றுமில்லை. ஒன்பதாவது ஆளான மாப்பிள்ளையின் அத்தையோ, தெம்பாக உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"நீங்க பாயசம் சாப்பிடலையாங்க?"

"ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேனே!"

"அப்ப எதைத்தான் சாப்பிடலை?"

"உன் சர்பத்தைத்தான். வெளியூர் போனா என் கூஜாத் தண்ணியைத் தவிர எதையும் குடிக்கமாட்டேன்."

பென்சில் நின்றுவிட்டது. நான் வாங்கிய ஐஸ் மரத்தூளில் புதைத்து வைத்திருந்தது. தூளோடு போட்டால் சுகாதாரம் என்ன ஆவது? கிருமி ஆராய்ச்சியாளன் அதைக் கழுவியே போட்டான். கழுவிய இடம், ஸ்டேஷன் வாசலில் வண்டிக் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி. (சர்பத் வந்தவர்களுக்கே சரியாகப் போனதால் நான் பிழைத்தேன்.)

இது எனக்கு மட்டுமே தெரியும். நோட்டை மூடினால் முடிந்தது. அப்போது, அம்மா மிச்சப் பாயசத்தைச் சாக்கடையில் கொட்டும் சத்தம் கேட்டது.

சொல்லிவிட்டேன்.

பெரியப்பா மெதுவாகக் கேட்டார்: "குதிரைக்கு ஒண்ணும் ஆகலையே?"

அப்போதுதான் கொல்லையிலிருந்து வந்த மாப்பிள்ளை நிலையில் சாய்ந்தபடி, "மச்சினன் ஆசையாக் குடுக்குறாரேன்னு நான் ரெண்டு டம்ளர் குடிச்சேன்" என்று சிரிக்க ஆரம்பித்தார். பாதிச் சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஓடினார். கூடமே சிரித்தது. உள்ளேயிருந்து அக்காவின் சிரிப்பும் கேட்டது.

அம்மா வெளியே வந்து, "அப்ப என் பாயசம் இல்லையே?" என்று மூன்று தடவை கேட்டாள். என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு எல்லோருக்கும் உப்புப் போட்டுக் கஞ்சி வைத்தாள். தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய் தேய் என்று தேய்த்துத் தட்டு மாற்றினார்கள். பெரியப்பா மட்டும் கொல்லைக் கதவோரமாக உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து என் கையால் எதைக் கொடுத்தாலும் அத்தான் கேட்பது ஒரே கேள்வி. பேரன் பேத்திகளுக்குக்கூட அது மனப்பாடம். போன வருஷம் அவருக்குக் கண் ஆபரேஷன். கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். யாரென்று சொல்லாமல் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். என் விரல்களைத் தடவிப் பார்த்தார்.

"சேதுவா? குதிரை குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சு அத்தான்."

"அப்ப குடு" என்று வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.