ஜோடிச் சட்டை

வலி எந்த முழங்காலில் என்பது வெண்டலுக்கு மறந்துபோயிற்று. காலையில் இடதைப் பிடித்துக்கொண்டு முனகியிருந்தார். இப்போது கை தானாக வலதுக்குப் போய்விட்டது.

"அந்தக் காலுக்கும் வந்துடுச்சா?" என்றாள் மனைவி லூயெல்லா.

"பரவுது."

"ஐயோ பாவம்! அப்ப இன்னிக்கு நீ ஆட வேண்டாம்."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. செவ்வாய்க்கிழமை வந்தால் சர்ச் ஹாலில் சதுர நடனம். நான்கு ஜோடிகள் சதுரமாக நிற்க, மைக்கைப் பிடித்தவன் 'சுத்து, கை மாத்து, ஜோடியை மாத்து' என்று விரட்டுவான். இதயத்துக்கு நல்லது, மறதி வராது, தாம்பத்தியம் தழைக்கும் என்று டாக்டர் வேறு ஏற்றிவிட்டிருந்தார். அந்த டாக்டர் ஆடி நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒருத்தரும் பார்த்ததில்லை. வெண்டலுக்கு வேண்டியதெல்லாம் சோபாவும் டிவியில் பேஸ்பாலும்தான்.

"ஆனா நான் போயாகணும்" என்றாள் லூயெல்லா. "ஒரு ஆள் குறைஞ்சா மத்த ஏழு பேரும் மரம் மாதிரி நிக்கணும். உன் இடத்துக்கு ராய்ஸ் வர்றார்."

ராய்ஸ் மனைவியை இழந்தவர். அறுபத்தைந்து வயதிலும் தலைமுடி மொத்தமும் இருந்தது. அந்த அநியாயம் போதாதென்று பற்களும் சொந்தப் பற்கள்.

வாசலில் வந்து நின்றவரைப் பார்த்ததும் வெண்டலுக்கு வலி நிஜமாகவே வந்தது, நெஞ்சில். கவுன் தைத்த துணியிலேயே புருஷனுக்கும் சட்டை தைப்பது நடன கிளப் வழக்கம். லூயெல்லா தைத்த மஞ்சள் பூச்சட்டை ராய்ஸின் உடம்பில் இருந்தது.

"அது என் சட்டை!"

"உனக்குத்தான் கால் வலியாச்சே. துணி வீணாகலாமா?"

"நீ நல்லாப் படு, வெண்டல்" என்றார் ராய்ஸ். "இவளை நான் பாத்துக்கறேன்."

அன்று பேஸ்பாலில் யார் ஜெயித்தார்கள் என்றுகூட வெண்டல் பார்க்கவில்லை.

மறுநாளே குணமாகிவிடலாம் என்று பார்த்தால், கிளப் பெண்கள் ஆளுக்கொரு தட்டு, சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு கேசரோலோடு நலம் விசாரிக்க வந்து நின்றார்கள். அவ்வளவையும் வாங்கித் தின்றுவிட்டு எந்த முகத்தோடு எழுந்து நடப்பது? அடுத்த செவ்வாயன்று வேறு வழி பார்த்தார்.

"லூயெல்லா, தனியா இருக்கப் பயமா இருக்கு. போகாதே."

"அட, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றவள் சர்ச்சிலிருந்து வீல்சேரைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, கம்பளியைப் போர்த்தி, ஹாலில் சுவரோரமாகத் தள்ளிவைத்துவிட்டு ஆடப் போனாள்.

ராய்ஸ் அவளைச் சுழற்றினார். கவுன் குடையாக விரிந்தது. அவள் கலகலவென்று சிரித்தாள். தன்னிடம் கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தாள்? வெண்டல் யோசித்து யோசித்துப் பார்த்தார், கிடைக்கவில்லை. இவளே போய்விட்டால் சோபாவில் சாய்ந்து யாரோடு சண்டை போடுவது?

கம்பளி ஒரு பக்கம், வீல்சேர் ஒரு பக்கம் பறந்தன.

"கழட்டுடா என் சட்டையை!"

"நடக்கிறார்! வெண்டல் நடக்கிறார்!" என்று ஒரு பெண் அலறினாள்.

"பாத்தீங்களா மக்களே!" என்றது மைக். "வேடிக்கை பாத்ததுக்கே இந்தப் பலன்! ஆடினா எப்படி இருக்கும்!"

ராய்ஸ் உடனே பொத்தான்களை அவிழ்த்தார். பூச்சட்டையைக் கழற்றி நீட்டினார். உள்ளே இஸ்திரி போட்ட தன் சொந்தச் சட்டையைப் போட்டிருந்தார்.

வெண்டல் ஆடினார். இடம் வலம் தெரியாமல், இரண்டு பேர் காலை மிதித்து, மூச்சு வாங்க ஆடினார். லூயெல்லா அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு ஆண்பிள்ளையிடமிருந்து பெண்டாட்டியை மீட்டுவிட்ட பெருமையில் அவருக்கு மார்பு விரிந்தது.

கை மாறும்போது எதிர் ஜோடியிலிருந்து பன்றிப்பண்ணை ஹார்லன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீ கெட்டிக்காரன்ப்பா, வீல்சேர் வரைக்கும் தாக்குப் பிடிச்சிட்டே. எங்களுக்கும் இப்படித்தான் கால் வலி வந்துச்சு. அவங்கவங்க சட்டையை மாட்டிக்கிட்டு ராய்ஸ் வாசல்ல வந்து நின்ன அன்னிக்கே நாங்க எல்லாரும் எழுந்து ஓடி வந்துட்டோம்."