செயின் அண்ணையும் காரில்லாத பாதையும்

மவுண்ட் வெல்லிங்டனிலிருந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேற்கே நடந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த மனிதரைப் பற்றி எந்தச் சபையிலும் சத்தியம் செய்வேன். ஆக்லாந்தில் சைக்கிள் வைத்திருப்பவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினால், அதை ஓட்டியதைவிட அதிகமாகத் தள்ளிக்கொண்டே நடந்தவர் அவர் ஒருவர்தான்.

அன்று காலைதான் உறைந்த கோழிப் பெட்டி அடுக்கும் வேலையை விட்டிருந்தேன். விரல் நுனிகள் வெளுத்து, தேநீர்க் கோப்பையின் சூடுகூடத் தெரியாமல் போயிருந்தது. கையுறையைக் கழற்றி ஒரு பெட்டியின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். தங்கும் அறை வேலையோடு ஒட்டியது, அதுவும் போயிற்று. இரண்டு வருடத்தில் அது ஏழாவது வேலை.

நடைபாதையில் சைக்கிளோடு வந்தவர் திடீரென்று அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். குந்தி உட்கார்ந்து செயினை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான்; அதற்குப் பிறகு புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வாடகை சைக்கிள் கடையில் மூன்று வருடம் கிடந்தவன். கவிழ்த்த சைக்கிளைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது.

"என்ன அண்ணே, செயினா?"

"ஓம்... இல்லை. நீரும் குந்தி இருந்து சில்லைப் பாக்கிற மாதிரிப் பாரும். உந்தக் கார் போகட்டும்."

பார்த்தேன். சக்கரமும் செயினும் ஒழுங்காக இருந்தன. அதைவிட, அவருடைய கை சோறு பிசையப் போகிறவர் கைபோல அவ்வளவு சுத்தமாக இருந்தது.

கார் போகவில்லை. நின்றது. வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் இறங்கி, "ஆர் யூ ஓகே, லவ்?" என்று கேட்டு, காற்றடிக்கும் பம்ப் ஒன்றை அவர் கையில் திணித்துவிட்டு, வைத்துக்கொள்ளச் சொல்லிப் போய்விட்டார்.

"இந்த நாட்டில இதுதான் தம்பி கரைச்சல்" என்றார். "பிரான்சில செயினோட ஆறு வருசம் குந்தி இருந்தன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. இஞ்ச நிம்மதியா ஒரு பொய் சொல்லேலாது."

"எங்க போறீங்க?"

"பக்குரங்காவுக்கு. மகள் வீடு. அங்க தண்ணிக்கரையோட ஒரு துண்டுப் பாதை இருக்கு. கார் வராது. அதில ஓடப் போறன்."

"எங்கிருந்து வர்றீங்க?"

"மவுண்ட் ரோஸ்கில்."

மூன்று மணி நேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, கால் மணி நேரம் ஓட்டப் போகிறவர். எனக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். திரும்பி அவரோடு நடந்தேன்.

கோயிலுக்குக் காரில் போகிற மலேசியத் தமிழர்கள்தான் அவருக்குச் செயின் அண்ணன் என்று பெயர் வைத்தவர்கள். எந்தத் தெருவில் பார்த்தாலும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் குந்தியிருப்பாராம். "பாவம் லா அந்த செயின் அண்ணன்" என்று கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போவார்கள். சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை.

அந்த நடையில் பாதிக் கதையும், சாயங்காலம் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கியவர், காரில் வந்து எங்கள் இருவரையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போனபோது மீதிக் கதையும் தெரிந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து பிரான்சுக்குப் போன புதிதில் அண்ணையிடம் அங்கே தங்குவதற்கான பேப்பர் இல்லை. பாரிசுக்கு வெகுதூரத்தில், மாடும் கோதுமையும் மட்டும் உள்ள ஒரு ஊரில் அறை. பதினொரு கிலோமீட்டர் தள்ளி, மூடிப்போன ஒரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவும் வேலை. பஸ்சில் ஏறினால் பரிசோதகர். ரோட்டில் போனால் பொலிஸ். ஆனால் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுச் சரளை கொட்டிய பழைய ரயில் பாதை ஒன்று அறை வாசலிலிருந்து கடை வாசல்வரை போனது. கார் ஏற முடியாது. அங்கங்கே ரோடு குறுக்கிடும். அந்த இடங்களில் கார்ச் சத்தம் கேட்டால் சைக்கிளைக் கவிழ்த்துவிட வேண்டும். ஓடுகிறவனைத்தான் மறிப்பார்கள், பழுது பார்க்கிறவனை யார் கேட்கப் போகிறார்கள்?

"தம்பி, அந்தச் சரளை பால்தேத்தண்ணி நிறம். சில்லு ஏறேக்க பொரிச்ச அப்பளம் நொருங்கிற சத்தம். ரெண்டு பக்கமும் மரம். மாடு தலை நிமித்திப் பாக்கும், பேப்பர் கேக்காது."

"அந்த ஸ்டேஷனுக்கு அங்கிட்டு?"

"பாதை போகுது. இன்னும் அம்பது கிலோமீட்டராம். நான் போகேல்லை. அடுத்த ஊரில பொலிஸ் நிக்கிது எண்டு சொன்னவை. ஸ்டேசனோட திரும்பிடுவன்."

பிறகு பேப்பர் வந்தது, பாரிஸ் வந்தது, அக்கா வந்தார், மகள் பிறந்தாள், மகள் படித்து வேலைக்கு ஆக்லாந்து வந்தாள், பின்னாலேயே இவர்களும் வந்தார்கள். அந்த ஐம்பது கிலோமீட்டர் மட்டும் அங்கேயே கிடந்தது. அண்ணைக்கு இந்த உலகத்தில் வேண்டியதெல்லாம் அதுதான்: அந்த நிலையத்தைத் தாண்டி, பாதை முடிகிற இடம்வரை ஒருமுறை ஓட வேண்டும்.

அக்காவிடம் கேட்டபோது, "போகலாம்தான். இஞ்ச ஒரு டெலிவரி வான் வந்தாலே கவிட்டுப்போட்டுக் குந்துற மனுசனோட அங்க வந்து நான் மாட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?" என்றார்.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மவுண்ட் ரோஸ்கில் வீட்டிலிருந்து மகள் வீடுவரை, ரோட்டில், காருக்குப் பயந்து கவிழ்க்காமல் ஓட வேண்டும். ஓடினால் டிக்கெட். நடுவர் நான், இரவல் சைக்கிளில் பின்னால். என் படுக்கை அவர்கள் கராஜில், இரக்கப்பட்டவர்கள் கொடுத்துவிட்டுப் போன பதினான்கு பம்புகளுக்கு நடுவே போடப்பட்டது.

முதல் தடவை வீட்டு வாசலிலிருந்து நாற்பது அடி போனோம். பக்கத்து வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுத்தார். அண்ணை கவிழ்த்துவிட்டார்.

"அண்ணே, அவர் உங்களுக்குக் கைதான் காட்டுறாரு."

"காட்டட்டும். கவிட்டது கவிட்டதுதான்."

இரண்டாம் தடவை குப்பை லாரி. அதற்கு நான்கூடக் கொஞ்சம் பயந்தேன்.

மூன்றாம் தடவை மவுண்ட் வெல்லிங்டன்வரை வந்துவிட்டோம். அண்ணை பாதி வழி கண்ணை மூடிக்கொண்டே ஓட்டினார் என்பது என் சந்தேகம். நான் விட்டு வந்த கோழிக் கிடங்குக்குச் சற்று முன்னால், பின்னாலிருந்து மெதுவாக ஒரு கார் வந்தது. நீலமும் மஞ்சளும் கட்டம் போட்ட கார். திரும்பிப் பார்ப்பதற்குள் அண்ணையின் சைக்கிள் இரண்டு சக்கரத்தையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

பொலிஸ்காரர் இறங்கினார். ஆறடிக்கு மேல். "யூ ஓல் ரைட், மேட்?"

அண்ணை எழுந்து நின்றார். ஐந்து வருடம் ஆக்லாந்தில் ஆங்கிலத்தில் வாழ்ந்த மனிதர், "பொன்ஜூர் முசியே" என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்தார். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். பாஸ்போர்ட், லைசென்ஸ், கலியாணச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கடைசித் தண்ணீர் பில்.

பொலிஸ்காரர் அதில் ஒன்றையும் வாங்கவில்லை. முழங்காலை ரோட்டில் ஊன்றி உட்கார்ந்தார். பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். செயின் சரசரவென்று ஓடியது. கழுத்தைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நத்திங் ரோங் வித் இட், மேட்" என்றார். சைக்கிளை அவரே நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

அண்ணை உறையைப் பிடித்தபடியே நின்றார்.

"என்ன சொன்னவர்?"

"ஒரு குறையும் இல்லையாம் அண்ணே."

"ஒரு குறையும் இல்லையாமோ?"

"இல்லையாம்."

ஏறினார். பான்மியூர் பாலத்தில் இரண்டு பஸ்கள் உரசுவதுபோல் கடந்தன. இறங்கவில்லை. மகள் வீட்டு வாசலில்தான் காலை ஊன்றினார்.

நடந்ததை மறைக்காமல் அக்காவிடம் சொன்னேன். நடுவர் வேலைக்கு அதுதான் அழகு. அவரோ, "பொலிஸ் கார் காருக்குள்ள அடங்காது. அது வேற சாமான்" என்று தீர்ப்புச் சொல்லி, அன்றைக்கே டிக்கெட் போட்டார்.

அவர்கள் செப்டம்பரில் கிளம்பிப் போனார்கள். வீடு வெறிச்சென்றிருந்தது. நான் அதற்குள் சாரம் கட்டும் வேலை ஒன்றில் சேர்ந்திருந்தேன். ஒரு சாயங்காலம் அதையும் விட்டேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, கால் அரித்தது. தெற்கே திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் எடுப்பதாகக் கேள்வி. கராஜ் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, பையோடு தெரு முனைக்கு வந்தபோது போன் அடித்தது. வீடியோவில் அண்ணையின் மூக்கு.

"தம்பி, செயின் கழண்டுபோச்சு."

"அண்ணே, அங்கயுமா? கார் இருக்கா பக்கத்துல?"

"ஒரு காரும் இல்லை, உண்மையாவே கழண்டுபோச்சு!"

போன் திரும்பியது. காலை வெயில். வாடகைக்கு எடுத்த சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது; செயின் குடல்போலத் தொங்கியது. பின்னால் ஓடு சரிந்த பழைய ரயில் நிலையம்.

"ஸ்டேசன் தம்பி. சரியா ஸ்டேசனில. இதுக்கு மேல போகாதை எண்டு சொல்லுது போல. நான் தள்ளிக்கொண்டு திரும்பப் போறன்."

அக்காவின் குரல் கேட்டது. "தம்பி, நீராவது சொல்லும். இவ்வளவு தூரம் வந்து சட்டி கழுவின கடையைப் பாத்திட்டுத் திரும்பவோ நான் பிளேன் ஏறினனான்?"

"செயினை மாட்டுங்க அண்ணே. ரெண்டு நிமிஷ வேலை."

அண்ணை செயினை ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"அண்ணே?"

"எனக்குச் செயின் போடத் தெரியாது."

முப்பது வருடத்துக்கும் மேலாகக் கவிழ்த்தவர். கவிழ்த்த பிறகு என்ன செய்வது என்று அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை.

நடைபாதையில் பையை இறக்கி அதன் மேல் உட்கார்ந்தேன். "பின்னாடி குட்டிச் சக்கரம் ரெண்டு தொங்குது பாருங்க. அதை இடது கையால முன்னாடி தள்ளுங்க. செயின் தளரும். தளர்ந்ததா? இப்ப சின்னப் பல்லு மேல வைங்க. விட்டுடாதீங்க. பெடலை மெதுவா..."

"நழுவுது!"

"நழுவட்டும். மறுபடி."

ஐந்தாவது முறை செயின் பல்லில் ஏறி உட்கார்ந்தது. அண்ணை இரண்டு உள்ளங்கைகளையும் போனுக்கு முன்னால் விரித்துக் காட்டினார். கன்னங்கரேலென்று கிரீஸ்.

"பாத்தீரோ?"

"பார்த்தேன் அண்ணே. கிளம்புங்க."

அவர் ஏறினார். அக்கா போனைப் பிடித்திருந்தார். நிலையத்தின் சுவர் கடந்தது. அவருடைய முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. சரளை நொறுங்குவது ஆக்லாந்துவரை கேட்டது.

"தம்பி," அக்கா சொன்னார், "உம்மட கராஜ் லைட்டைப் போடேல்லையோ? இருட்டாக் கிடக்குது உம்மட பக்கம்."

"இப்பப் போடுறேன் அக்கா" என்று சொல்லி, வீட்டுக்குத் திரும்பி நடந்து, தொட்டிக்கு அடியிலிருந்து சாவியை எடுத்தேன்.

மறுநாள் காலை பக்குரங்காவில், தண்ணீர்க்கரைப் பாதைக்குப் புதுச் சரளை பரப்ப ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். போனேன். மேஸ்திரி எத்தனை நாள் நிற்பாய் என்று கேட்டான். இந்தக் கேள்விக்கு எல்லா ஊரிலும் பொய்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு, "ஒருத்தர் பிரான்சிலிருந்து வரணும். அவர் இதில் ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை" என்றேன். மட்டப்பலகையைக் கொடுத்தான். அப்பளம்போல் நொறுங்கும் பதம் வரும்வரை, முதல் பத்தடியை மூன்று முறை மட்டம் தட்டினேன்.