மனுவில் கோபம் குறைந்தது தொடர்பாக

அனுப்புநர்:
சே. சேசுராஜ், எம்.ஏ., எம்.ஃபில்.,
ஜெராக்ஸ் மற்றும் மனு எழுதும் நிலையம்,
சூலக்கரை, விருதுநகர்.

பெறுநர்:
திரு. ஜெபசுந்தர்,
பட்டாசு லேபிள் வரைபவர்,
சிவகாசி.

ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மேலே உள்ள 'அன்புள்ள' என்ற சொல் கடித மரபுக்காக எழுதப்பட்டது. அதற்கு வேறு பொருள் கொள்ள வேண்டாம். எப்போதும் 'நீ' என்று எழுதுகிறவன் இன்று 'நீங்கள்' என்று எழுதுவதிலிருந்தே நான் எவ்வளவு கோபத்தில் இருக்கிறேன் என்பது தங்களுக்கு விளங்கும். இங்கே நானும் உங்கள் அக்கா கிருபாவும் இரண்டு ஜெராக்ஸ் மெஷின்களும் நலம். அங்கே தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் பிழைப்பில் கை வைத்துவிட்டுத் தான் மட்டும் நலமாக இருக்கும் வரம் உங்கள் குடும்பத்துக்கே உண்டு.

இதைப் போனில் சொன்னால் என்ன என்று உங்கள் அக்கா கேட்கிறாள். போனில் சொன்னால் பதிவு செய்வீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதினால் படம் பிடிப்பீர்கள், மறுநாள் இரண்டையும் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுப் பின்னால் நாதஸ்வரம் சேர்ப்பீர்கள். ஆகவேதான் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினாறு வருடமாக மனு எழுதிப் பிழைக்கிறேன். பட்டா, பென்ஷன், தெருவிளக்கு, பக்கத்து வீட்டு முருங்கை மரம் என்று எந்தக் குறையோடு வந்தாலும் ஒரே பக்கத்தில் எழுதி, வாசிக்கிறவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும்படி செய்வேன். அதற்கு வேண்டிய கோபம் என்னிடம் எப்போதும் கைவசம் இருந்தது. கல்லூரி வேலை கிடைக்காத கோபம் ஒரு பங்கு. என் கல்யாணத்தன்று தங்கள் அப்பா மைக்கைப் பிடித்து நாற்பத்தைந்து நிமிடம் ஜெபம் செய்து பிரியாணியை ஆற வைத்த கோபம் ஒரு பங்கு. தாங்கள் புது வீடு குடிபோன அன்று, என் எம்.ஃபில்லை விழுங்கிவிட்டு, 'இவுக எங்க அத்தான், ஜெராக்ஸ் எடுக்காக' என்று வந்தவர்களிடம் சொன்னீர்களே, அந்த ஒன்றை வைத்தே பத்து வருடம் மனு எழுதியிருக்கிறேன். இப்படி நிம்மதியாகக் கசந்துபோய் இருந்தவனிடம், போன கிறிஸ்துமஸ் அன்று சாப்பிட்ட கை காயும் முன்னே ஆரம்பித்தீர்கள்.

"அத்தான், சின்ன யாவாரத்துக்கு இன்ஸ்டாகிராம்ங்கிறது காசில்லாத போஸ்டர். கடை எங்கன இருக்குன்னு மேப்புல காட்டணும், தினம் ஒரு வீடியோ போடணும், ஆரு என்ன கேட்டாலும் ஒடனே பதில் சொல்லணும். அம்புட்டுதான்."

"என்னத்தைப் போட? ஆதார் கார்டு மெஷினுக்குள்ள போயிட்டு வாறதையா?"

"நீங்க ஆளுகளைத் திட்டுறதைப் போடுவோம். அதுலதான் நீங்க ஸ்பெசலு."

உங்கள் அக்கா அன்று சிரித்ததுபோல் எங்கள் கல்யாண போட்டோவில்கூடச் சிரிக்கவில்லை. மறுநாளே பக்கம் வந்துவிட்டது. பட்டாசு லேபிள் வரைந்து பழகிய கை அல்லவா, புஸ்வாணம் பூப்பூவாகத் தெறிக்க, அதன் நடுவிலிருந்து என் தலை கிளம்புகிறது. பெயர் 'மனு வாத்தியார்'. முதல் வீடியோவில், ஒரே மனுவில் ஆறு இடத்தில் 'மாண்புமிகு' என்று எழுதிவிட்டுத் தன் குறை என்ன என்று எழுத மறந்து வந்த முத்துப்பாண்டி என்பவரைப் பிடித்து, "ஏன்யா, கும்புடு ஆறு இருக்கு, குறை எங்கய்யா?" என்று கேட்கிறேன். மூன்று லட்சம் பேர் பார்த்தார்களாம். அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! குவைத்திலிருந்து ஒருவர், ஊரில் அண்ணன் கட்டிய சுவர் தன் பங்கில் நாலு விரல் உள்ளே வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் அளந்து அனுப்புகிறார். இருக்கன்குடி கோயிலுக்குப் போகிற வேன்கள் மேப்பைப் பார்த்துக் கடை வாசலில் நிற்கின்றன. அருப்புக்கோட்டையிலிருந்து புதுமணத் தம்பதியர் வந்து, "சார், எங்க ரெண்டு பேரையும் ஒரு வாட்டி திட்டுங்க, வீட்ல ஆரும் திட்ட மாட்டேங்காக" என்று காலில் விழாத குறையாகக் கேட்டார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு பொட்டலம் சாத்தூர் சேவு கொண்டுவருகிறார்கள். ஒரு மெஷின் போதவில்லை என்று இரண்டாவது வாங்கினேன். ஜெராக்ஸ் எடுக்கிறவன் என்று இப்போது ஒருவனும் சொல்வதில்லை. பஸ் கண்டக்டர்கூட "வாத்தியாரே, உள்ள வாங்க" என்கிறார். போன மாதம் டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, "என்ன சார், மாத்திரையைக் குறைச்சிருவோமா?" என்றார்.

இதெல்லாம் லாபம்தானே அத்தான் என்று கேட்பீர்கள். லாபம்தான் மாப்பிள்ளை. அதைத்தான் குற்றமாகச் சொல்கிறேன். ஊரே மதித்தால் ஒரு மனிதன் யார்மேல் கோபப்படுவான்?

போன திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாளில், தங்கத்தாய் என்ற பெண் வந்தார். பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவர் தெருவில் முப்பது வீட்டுப் பெண்களுக்கும் அதே வேலைதான். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. தெருக்குழாயில் தண்ணீர் ஏழரைக்கு வந்து எட்டுக்கு நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர், நான்கு மாதமாக இப்படி. தண்ணீர் பிடிப்பதற்காகவே வீட்டுக்கு ஒருவர் மாற்றி மாற்றி வேலைக்கு லீவு போடுகிறார்கள். பழையபடி ஆறு மணிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று ஒரு மனு. என் கையில் எட்டு நிமிட வேலை. எழுதி வாசித்துக் காட்டினேன்.

"என்ன சார் இது? கொடம் காலியா கெடக்குன்னு எழுதச் சொன்னா, 'தங்கள் பணிச்சுமையை நாங்கள் உணர்கிறோம்'னு எழுதியிருக்கீக?"

மறுபடி எழுதினேன். இந்த முறை 'ஏழரை மணித் தண்ணீரும் இனிமையாகவே உள்ளது எனினும்' என்று வந்துவிட்டது. மூன்றாவதை அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"இது மனுவா சார், பாராட்டு மடலா? அடுத்த திங்கக்கிழமை இன்னொரு லீவு போட்டுட்டு வாறேன். அதுக்குள்ள ஆரு மேலயாச்சும் கோவப்பட்டு வைங்க."

புதன்கிழமை ஒருவர் சீனிமிட்டாய்ப் பெட்டியோடு வந்து தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்தார். பெயர் சோலைச்சாமி. தங்கத்தாய் தெருவுக்கு மோட்டார் போடுகிற ஆள் அவர்தானாம்! என் வீடியோ ஒன்றுவிடாமல் ஹார்ட்டு போடுகிறவராம். எதிர்மனுதாரரே ஹார்ட்டு போட்டால் நான் எப்படி மாப்பிள்ளை எழுதுவேன்? வாயில் மிட்டாய் இருந்ததால் மெதுவாகத்தான் கேட்டேன், ஏன் தண்ணீர் தாமதம் என்று.

"எல்லாம் உங்க லைவுதான் சார். காலைல ஆறுலருந்து ஏழு வரைக்கும் வாறீகள்ல? மோட்டார் ரூம்ல சிக்னல் கெடைக்காது. அதான் வீட்லயே பாத்து முடிச்சிட்டுப் போறது."

காலை ஆறு மணிக்குத்தான் ஜனங்கள் போனும் கையுமாக இருப்பார்கள், அந்த நேரத்தில் லைவ் வாருங்கள் என்று யோசனை சொன்னது யார்? தாங்கள். பக்கத்தைத் தொடங்கியது யார்? தாங்கள். ஆகவே முப்பது வீட்டுக் குடங்கள் காலியாகக் கிடப்பதற்கு முழுமுதற் காரணம் தாங்களே. நாளை தங்கத்தாய் வருவார். தங்களை நினைத்தாலாவது கோபம் வருகிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். வந்துவிட்டது என்றே நம்புகிறேன். நாளைய மனுவில் எதிர்மனுதாரராகத் தங்கள் பெயரையே எழுதப்போகிறேன். பாஸ்வேர்டு தங்களிடம் இருப்பதால், இக்கடிதம் கிடைத்த ஐந்தாவது நிமிடத்தில் பக்கத்தை அடியோடு அழித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஜாஸ்பினுக்கு என் ஆசிகள்; அவள் தங்களைக் கட்டியதற்காக என் அனுதாபமும். தங்கள் அப்பாவுக்கு வணக்கம். எங்களை ஜெபத்தில் நினைக்கச் சொல்லவும், சுருக்கமாக. ஆண்டவர் தங்களுக்கு நல்ல புத்தியையும் அதைக் காட்டிலும் குறைவான டேட்டாவையும் அருள்வாராக.

இப்படிக்கு,
மாறாத மனவருத்தத்துடன்,
சே. சேசுராஜ்

பி.கு.: திங்கள் மதியம். மாப்பிளே, இன்று காலை லைவ் வராமல் ஒன்பது மணிக்குத் தங்கத்தாயை எதிரே உட்கார வைத்து 'எதிர்மனுதாரர்: ஜெபசுந்தர், சிவகாசி' என்று எழுதி, காலை லைவால்தான் தண்ணீர் தாமதம் என்றும் சேர்த்து வாசித்தேன்.

"லைவுல பேசுதது இவுகளா சார்?"

"இல்லம்மா, நான்."

"அப்ப இவுக பேரு எதுக்கு?"

 தாளைக் கிழித்துவிட்டு வேறொன்றில் என் பெயரைப் பட்டத்தோடு எழுதினேன். அதற்குமேல் கை நிற்கவில்லையப்பா. 'மெத்தப் படித்த ஒருவர் தம் குரலைத் தாமே கேட்டு மகிழ்வதற்காக முப்பது வீடுகளைத் தாகத்தில் வைத்திருக்கிறார்' என்று ஆரம்பித்தது, ஏழே நிமிடத்தில் முடிந்தது. தங்கத்தாய் எழுந்து நின்று கேட்டார். "இந்தா, இதுதான் சார் மனு" என்றார். லைவ் நேரத்தை மாற்றினால் போதாதா என்று உன் அக்கா கேட்டாள். "எழுத்துல இருந்தாத்தாங்க்கா தண்ணி நாளைக்கும் ஆறு மணிக்கு வரும்" என்று தங்கத்தாய் சொல்லிவிட்டார். ஆகவே பக்கத்தை அழிக்காதே. லைவை ராத்திரி எட்டு மணிக்கு மாற்றிவிடு. மேலே உன்னைப் பற்றி எழுதியிருப்பதை எல்லாம் என்னைப் பற்றி என்று வாசித்துக்கொள். மனுவைக் கலெக்டர் ஆபீஸில் நானே கூடப் போய்க் கொடுத்தேன். வாங்கியவர் தலை நிமிராமல் முழுவதும் படித்துவிட்டு, "இம்புட்டு மோசமான ஆளா சார் இந்தச் சேசுராஜ்?" என்று கேட்டார்.

"நேரில் பழகினால் இன்னும் மோசம்" என்றேன். முத்திரை குத்திக் கொடுத்தார்.