தோத்தா என்ன ஏற்பாடு?

"லேகா, இதுல பூட்டத் திறக்கவே இல்ல" என்றான் சிஜோ, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு. புதுச் சட்டையில் ஒரு கை நுழைந்திருந்தது. மற்றக் கை கீபோர்டில் இருந்தது.

"எந்தப் பூட்டு?"

"டிஸ்க மவுண்ட் பண்ணும்போ போட்ட பூட்டு. பாதியில தோத்தா கோட் நேரே வெளிய ஓடிருது. பூட்டு பூட்டுனபடி கிடக்கு. பொறவு அந்த டிஸ்க ஒருத்தனும் தொட முடியாது."

"விட்டுப்போச்சு. அஞ்சு நிமிஷத்துல மாத்தி அனுப்புறேன்."

மணி ஒன்றரை. மூன்று மணிக்குத் திருப்புறத்தில் அக்கா மினியின் புது வீட்டுக்குப் பால்காச்சு. மினிக்குக் கூடப்பிறந்தவன் இவன் ஒருவன்தான். மனைவி ரெஜிஷா ஒத்தாசைக்கென்று காலையிலேயே போய்விட்டாள். நெய்யாற்றின்கரையிலிருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிஷம். கூட வேலை பார்க்கிற லேகா எழுதிய பேட்சுக்கு, அதாவது நிரல் திருத்தத்துக்கு, 'சரி' என்று ஒரு வார்த்தை போட்டால் கிளம்பிவிடலாம். அவன் சரி சொல்லாமல் அது கம்ப்யூட்டரை இயக்கும் கர்னலுக்குள் போகாது. ஐந்து மணிக்குள் போகாவிட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

சிஜோவின் வேலையே இதுதான். கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் கோப்புகளைக் காக்கிற பகுதிக்கு மற்றவர்கள் எழுதும் நிரலை வாங்கிப் பார்ப்பான். அது எப்படி ஜெயிக்கிறது என்று ஏறிட்டும் பார்க்க மாட்டான். பாதியில் தோற்றால், அதுவரை எடுத்ததையெல்லாம் கடைசியில் எடுத்ததில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறதா என்றுதான் துருவுவான். 'தோத்தா என்ன ஏற்பாடு?' என்று கேட்காமல் அவனுக்கு ஒரு நாள் கழியாது.

ஆபீசுக்கு வெளியிலும் அவன் இதை விடுவதில்லை. மினி வீட்டுக்குக் கல் போட்ட அன்று, "அஸ்திவாரம் இறங்கிட்டா என்ன ஏற்பாடு?" என்று ஊரார் முன்னால் கொத்தனாரைக் கேட்டான். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. மினி மூன்று வாரம் வேறு ஆள் தேடி அலைந்தாள். நல்லவேளை நாம் கேட்டோம் என்று சிஜோ இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறான். தான் போய் நிற்காத விசேஷம் என்ன கதியாகுமோ என்று அவனுக்கு உள்ளூர ஒரே பயம்.

இரண்டாவது பேட்ச் வந்தது.

"லேகா, பூட்டத் திறக்கிறதுக்கு முன்னாலயே மெமரியத் திருப்பிக் குடுத்துட்ட. அந்த மெமரிக்குள்ளதான் பூட்டே இருக்கு. வீட்ட இடிச்சுப்போட்டுட்டு உள்ள போயி பூட்டுக்குத் தாவோல் தேடினா கிட்டுமா?"

"செரிதான். இப்ப மாத்துறேன்."

மூன்றாவதில் ஒரே மெமரியை இரண்டு தடவை திருப்பிக் கொடுத்திருந்தாள். சிஜோ தலையில் கை வைத்தான். பத்து வருஷமாகக் கர்னல் எழுதுகிறவள். அவள் நிரலில் வருஷத்துக்கு ஒரு தப்புக் கிடைத்தாலே அவன் வீட்டில் சொல்லிப் பெருமையடிப்பான். ரெஜிஷாவும் அவளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"ஒனக்கு மேலுக்கு சுகமில்லியா?"

"சுகத்துக்கு ஒரு கொறவும் இல்ல."

"பின்னே நானே எழுதிரட்டா?"

"எழுதுனவனே சரி பாக்கப்பிடாதுன்னு சட்டம் கொண்டுவந்தது நீயாக்கும்."

சிஜோ போனை வைத்தான். ரெஜிஷா கூப்பிட்டாள்.

"எப்ப வாறீங்க? மினியக்கா வாசலையே பாத்துட்டு நிக்கா."

"வாறேன், வாறேன். ரெஜிஷா, பால் திரிஞ்சா வேற பால் உண்டா? சர்ச்சுல இருந்து ஜெபிக்க வாற அச்சனுக்கு வர முடியலேன்னா இன்னொரு அச்சனுக்குச் சொல்லியிருக்கா?"

"அதெல்லாம் நீங்க வந்து கேட்டுக்கிடுங்க. வேலைய மட்டும் பாதியில போட்டுட்டு வரப்பிடாது, கேட்டீங்களா?"

தங்கமான பெண்டாட்டி என்று சிஜோவுக்கு நெஞ்சு நிறைந்தது. போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினான். பாதி வழியில் போன் அடித்தது. நான்காவது பேட்ச். ஷைஜுவின் பேக்கரியில் வண்டியை நிறுத்தி, பழம்பொரித் தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்தான்.

திறந்தவனுக்கு ஷைஜுவின் கண்ணாடி அலமாரி கண்ணில் பட்டுவிட்டது.

"ஷைஜு, இது சாஞ்சா என்ன ஏற்பாடு?"

"சாயாது."

"சாஞ்சா?"

"சாயா குடிக்கிறீங்களா, இல்லியா?"

நான்காவது பேட்ச் எல்லாவற்றையும் அழகாகத் திருப்பிக் கொடுத்தது. கொடுத்துவிட்டு, தோற்றதை ஜெயித்ததாகச் சொல்லிவிட்டது. இதைவிட ஆபத்து உண்டா என்று சிஜோ எழுதத் தொடங்கியபோது திரை இருண்டது. ஊரில் எல்லோரையும் ஏற்பாடு கேட்கிறவன், சார்ஜரை வீட்டு மேசையில் விட்டுவிட்டு வந்திருந்தான்.

திரும்பி வந்து சார்ஜரைச் செருகியபோது மணி மூன்றே கால். ஐந்தாவது பேட்ச் காத்திருந்தது. இந்தத் தடவை தோற்றதா என்று பார்க்கிற வரியையே லேகா தூக்கிவிட்டிருந்தாள்.

"தோத்துச்சான்னு பாத்தாத்தானே ஏற்பாடு வேணும்னு நினைச்சேன்" என்றாள்.

"நீ என்னைக் கொல்லப்போற லேகா."

ரெஜிஷாவை நான்கு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. ஆறாவது பேட்ச் நாலு மணிக்கு வந்தது. அதில் முதல் பேட்சின் பூட்டு மறுபடியும் பூட்டியே கிடந்தது.

சிஜோ கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். இந்நேரம் அங்கே பால் பொங்கியிருக்கும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருப்பாள். இருந்த ஒரே தம்பி, கசங்கிய புதுச் சட்டையோடு ஒரு பூட்டுக்காக இங்கே உட்கார்ந்திருக்கிறான். நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

நாலரைக்கு லேகாவே கூப்பிட்டாள்.

"எனக்க அக்காக்க வீட்டு விசேஷம் போச்சு லேகா" என்றான் சிஜோ. "ஒன்ன ஒண்ணும் சொல்லல்ல. தப்பு எல்லாவனுக்கும் வரும். ஆனா நான் பக்கத்துல இல்லாம அங்க என்னெல்லாம் குழப்பம் ஆச்சோ."

லேகா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"ஒரு குழப்பமும் இல்லாம எல்லாம் கழிஞ்சுது, அச்சனும் போயாச்சு, இனி அவன விட்டுரலாம்னு மினியக்கா இப்பதான் மெசேஜ் போட்டாங்க சிஜோ, காலையிலயே எழுதி வச்ச சரியான பேட்ச அனுப்பட்டா?"