ஐந்தாவது வேர்க்குழாய்

மேல் கடைவாய்ப் பல்லின் மூன்று வேர்க்குழாய்களையும் சுத்தம் செய்தாகிவிட்டது. ஆனாலும் உள்ளேயிருந்து ரத்தம் கசிவது நிற்கவில்லை; இன்னொரு குழாய் எங்கோ ஒளிந்திருக்கலாம். பல் டாக்டருக்கு நெற்றி வியர்த்தது.

வேறு யாராவது படுத்திருந்தால் மருந்து வைத்து மூடி, "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பியிருப்பார். படுத்திருப்பதோ புரொஃபசர். இருபது வருஷத்துக்கு முன்னால் கடைசிப் பரீட்சையில், இதே மாதிரி ஒரு பல்லில் ஒளிந்திருந்த நான்காவது குழாயைக் கோட்டை விட்டதற்காக டாக்டரை ஃபெயில் ஆக்கிய அதே மனுஷர்.

காலையில் வரவேற்பில் இருக்கும் பெண், "புரொஃபசர் வந்துட்டாரு டாக்டர்" என்று இன்டர்காமில் சொன்னதுமே டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். உள்ளே வந்தவரை அடையாளமே தெரியவில்லை. தலை நரைத்து, ஒரு பக்கக் கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. "உக்காருங்க சார்" என்றதும், தன் பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். வயசாகிவிட்டது, பாவம். கையிலிருந்த கார் சாவியைக்கூட வைக்கவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் டாக்டர் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டார். பிறகு பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட்டையும் மாட்டியாகிவிட்டது. இனி பேச வழியில்லை.

"மூணோட முடிச்சுக்கலாமா சார்?"

நாற்காலியிலிருந்து ஒரு கை எழுந்தது. கட்டைவிரல் சாவியை உள்ளங்கையோடு அழுத்திக்கொண்டிருக்க, மற்ற நான்கு விரல்களும் விறைத்து நின்றன.

"நாலு!" டாக்டர் பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்காவிடம் திரும்பினார். "பாத்தீங்களா அக்கா? படுத்துக்கிட்டே பரீட்சை வைக்கிறாரு."

"எனக்கென்னவோ அவருக்கு வலிக்குதுன்னு தோணுது" என்றாள் நர்ஸ் அக்கா.

"உங்களுக்கு அவரைத் தெரியாது."

மைக்ரோஸ்கோப்பை இழுத்து, பல்லின் உள்தரையைச் சுரண்டினார். ஓரத்தில் ஒரு புள்ளி. நான்காவது குழாய்! கொக்கி மாதிரி வளைந்திருந்தது. மெல்லிய ஊசியை விட்டுச் சுழற்றினார். 'டிக்' என்றது. வெளியே வந்தது பாதி ஊசிதான்.

"உடைஞ்சிடுச்சா டாக்டர்?"

"மெதுவா பேசுங்க. அவர் காதுல விழுந்துடும்."

"அவர் வாயிலதானே உடைஞ்சிருக்கு?"

துண்டை எடுக்கப் பல்லை இன்னும் கொஞ்சம் குடைந்தார். துண்டு கழன்று வந்தது. வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. இதற்குமேல் குடைந்தால் பல் பிளந்துவிடும். பிடுங்கிக் கையில் கொடுக்க வேண்டியதுதான். குடையாமல் விட்டால் வாழ்க்கையில் இரண்டாம் முறை அதே மாதிரிப் பல்லில் ஃபெயில்.

அப்போது அந்தக் கை மறுபடி எழுந்தது. சாவி மடியில் விழ, உள்ளங்கையை அகல விரித்து டாக்டரின் முகத்துக்கு நேரே வேகவேகமாக ஆட்டியது.

"அஞ்சு! எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் வந்து படுத்திருக்காரு!"

"நிறுத்துங்கன்னு சொல்ற மாதிரி இல்ல?"

"அக்கா, உங்களைக் கேட்டேனா?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு, மயிரிழை அளவு குடைந்தார். ஊசி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பல் பிளக்கவில்லை. குழாய்களை அடைத்துவிட்டு எடுத்த எக்ஸ்ரேயில் ஐந்து வெள்ளைக் கோடுகள் சுத்தமாகத் தெரிந்தன. நர்ஸ் அக்காவே வாயைப் பிளந்தாள்.

டாக்டர் ரப்பர் ஷீட்டைக் கழற்றினார்.

"அன்னைக்கு நாலாவதை விட்டேன், நீங்க என்னை விடல. இன்னைக்கு அஞ்சையும் பிடிச்சுட்டேன். இப்பவாவது பாஸா, சார்?"

அவர் மிரண்டுபோய் டாக்டரைப் பார்த்தார். நர்ஸ் அக்காவைப் பார்த்தார். கதவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். பிறகு, எதற்கு வம்பு என்பதுபோல் பலமாகத் தலையை ஆட்டினார்.

இருபது வருஷத்துப் பாரம் இறங்கி, டாக்டர் ஸ்டூலில் சாய்ந்தபோது வரவேற்புப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர், புரொஃபசர் வெளிய தாடையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு. முதல்ல உள்ள அனுப்பின டிரைவர் உயிரோட திரும்பி வந்தா, அப்புறம் தானும் உள்ள வர்றாராம்."