கழுதை தின்ற பன்னிரண்டாவது தாள்

கீரி, மன்னார்.

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருக்க ஆண்டவர் அருள்வாராக. நான் வாய் மூடியிருந்தது போதும்.

தங்கள் மாத இதழில் ஒரு போட்டி வைத்தீர்கள். “கடைத்தெருக் கழுதை கடதாசி கடித்தால், கடிக்கிற கழுதை கடைசியாய் எத்தனை கடதாசி கடிக்கும்?” நா பிறழாமல் மூன்று முறை சொல்லிவிட்டு, விடை எழுதி அனுப்ப வேண்டும். சிலாவத்துறை றினோஸா, கழுதையிடமே கேட்டதாகவும் அதன் வாயில் கடதாசி இருந்ததால் பதில் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தார். பாப்பாமோட்டை நஸார், அரசாங்கக் கந்தோர்ப் படிவமென்றால் மூன்று பிரதியும் தின்னும் என்றார். இவற்றை அச்சிட்டீர்கள். பட்டதாரியான நான் அட்டவணையுடன் நான்கு பக்கத்தில் அனுப்பிய விடையை மட்டும் நீளம் கருதி விட்டுவிட்டீர்கள். போன வருசம் என் கட்டுரையின் கடைசிப் பந்தியை வெட்டிச் சீமெந்து விளம்பரம் போட்டதையும் நான் மறக்கவில்லை.

ஐயா, நான் ஊகித்து எழுதியவனல்ல. எங்கள் வாசற் படலையடிக்கு நாள்தோறும் வரும் சாம்பல் நிறக் கழுதைக்குக் கொப்பித்தாளை ஒவ்வொன்றாக நீட்டி எண்ணினேன். பதினொன்று தின்றது, பன்னிரண்டாவதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தொடர்ந்து மூன்று நாள் எண்ணினேன், மூன்று நாளும் அப்படியே. “வாயில்லாச் சீவனுக்குப் பேப்பரைக் குடுத்து எண்ணிக்கொண்டு நிக்கிறியள், ஒரு வாழைப்பழத்தோலைக் குடுத்தால் குறைஞ்சா போவியள்?” என்று என் மனைவி மார்த்தா ஏசியதையும் பொறுத்துக்கொண்டேன். அப்போது என் வீட்டுக் கதிரையில் இருந்து, என் வீட்டுப் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்தவன் அவளுடைய தம்பி கிறகரி. அவன் ஒரு தாளும் நீட்டவில்லை, ஒரு கழுதையையும் தொடவில்லை. ஒரே வரி எழுதினான்: “அத்தான் எண்ணினால் பதினொன்று, எண்ணாவிட்டால் பன்னிரண்டு.” அதற்கு முதற்பரிசாம், ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலாம். அதையும் அவன் அக்காவுக்கே கொடுத்துவிட்டான். இப்ப ஒவ்வொரு நாளும் விடிய அதுக்குள்ள இருந்துதான் எனக்குத் தேத்தண்ணி. சந்தைக்குப் போனா மீன்காரர்கூட, “என்ன மாஸ்டர், எண்ணுறியளோ?” எண்டு கேக்கினம். நான் எப்படி ஐயா தலைநிமிர்ந்து நடக்கிறது?

இன்று காலையும் எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான். ஆகவே அடுத்த இதழில் என் விடையே சரியென்று, என் முழுப்பெயரோடு, திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்குச் சுகமும் தங்கள் இதழுக்கு நீண்ட ஆயுளும் இறைவன் தருவாராக.

இப்படிக்கு,

பி.கு: என் பெயர், விலாசம், கையொப்பம் மூன்றும் தனித்தாளில் இருந்தன. கடிதத்தை முற்றத்துக் கதிரையில் வைத்துவிட்டு முத்திரை எடுக்க உள்ளே போனேன். காலையில் தாள் நீட்டிய கையோடு படலையைக் கொளுவ மறந்திருக்கிறேன். திரும்பி வந்தபோது அந்தத் தாளின் கடைசி மூலை கழுதையின் உதட்டில் ஆடிக்கொண்டிருந்தது. நான் எண்ணவில்லை. மார்த்தா எண்ணினாள். “பன்னிரண்டு” என்று சொல்லி, அந்தப் போத்தலிலிருந்து தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, தம்பிக்குப் போன் எடுக்கப் போய்விட்டாள். திருத்தம் வேண்டாம் ஐயா. ஆனால் என் பந்தியை வெட்டிச் சீமெந்து விளம்பரம் போட்டது பிழைதான், அதைத் தாங்கள் அறிந்தே ஆகவேண்டும். எனவே இன்னொரு தாள் எடுக்காமல், எழுதியது யாரென்று ஒருவருக்கும் தெரியாதபடி, இதைக் கையொப்பம் இல்லாமலே தபாலில் போடுகிறேன்.