நுரை வழிவதாக ஒரு புகார்

அது செவ்வாயா புதனா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. நடந்ததில் பாதியை மறந்திருப்பேன். மீதியைக் கொஞ்சம் கூட்டியும் இருப்பேன். ஆனால் கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் தன் கணவனை "ஐயா" என்று அழைத்தது அன்றுதான்.

அவள் வேலை பார்த்தது வாஷிங் மெஷின் பழுதுக்கு ஃபோனில் புகார் வாங்கும் அலுவலகம். சொந்த ஃபோனைப் பெட்டிக்குள் பூட்டிவிடுவார்கள். வரும் அழைப்பெல்லாம் பதிவாகும். சொந்தக் கதை பேசினால் சீட்டு கிழிந்துவிடும். அவளுக்கோ அன்று குழுத்தலைவி பதவிக்குச் சோதனை நாள். மகளுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் கணவன் லீவு போட்டிருந்தான். "வீட்டு வேலைதானே, ஊதித் தள்ளிடறேன்" என்றிருந்தான்.

"வணக்கம் ஐயா, உங்கள் புகார் என்ன?"

"நான்தான்! சோறு பொங்கி அடுப்பெல்லாம் நுரை. பாப்பா தலை பின்ன விடமாட்டேங்கறா!"

பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"நுரை வழிகிறதா ஐயா? மூடியைத் திறந்துவிட்டு, சூட்டைக் குறையுங்கள்."

"பாப்பாவுக்கு?"

"முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள் ஐயா. நுனியிலிருந்து மெல்ல ஆரம்பியுங்கள்."

புகார் பதியாவிட்டால் சந்தேகம் வரும். 'நுரை வழிகிறது' என்று கணினியில் தட்டினாள்.

கால் மணியில் மறுபடியும் அவனே.

"மெக்கானிக் வர்றார்னு மெசேஜ் வந்திருக்கு! நம்ம வீட்டுல வாஷிங் மெஷினே நீதானேடி!"

"தகவலுக்கு நன்றி ஐயா" என்று பல்லைக் கடித்தாள்.

மெக்கானிக் வருவதை ரத்து செய்ய மேனேஜரம்மா அனுமதிக்க வேண்டும். அவர் கண்ணாடி அறையில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கும்மா ரத்து?"

"நுரை தானாவே அடங்கிடுச்சாம் மேடம்."

"அதெல்லாம் தானா அடங்காதும்மா. ஆள் போயாச்சு."

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினாள். மெக்கானிக் இன்னும் போகவில்லை. சமையல் முடிந்திருந்தது. மகளுக்கு இரட்டைச் சடை. கணவன் குந்தி உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருக்க, மெக்கானிக் பக்கத்தில் நின்று, "காலரை இன்னும் நல்லாத் தேய்ங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கை கூப்பினாள். "அண்ணே, மெஷினே இல்லைன்னு மட்டும் எழுதிடாதீங்க. என் வேலை போயிடும்."

"எழுதறதுக்கு என்ன இருக்கும்மா? மொத தடவை பேசினதையே உங்க மேனேஜரம்மா கேட்டுட்டாங்க. 'உங்களைப் பழக்கின மாதிரி அந்த மனுஷனையும் பழக்கிட்டு வாங்க'ன்னு அனுப்பினதே அவங்கதான். நான் அவங்க வீட்டுக்காரர்."

அவள் குழுத்தலைவி ஆனாள். மகள் இப்போது அப்பாவிடம் மட்டும்தான் தலை பின்னிக்கொள்கிறாள். மெக்கானிக் வாரத்துக்கு மூன்று வீடாவது இப்படிப் போய்வருகிறார்.